திங்கட்கிழமை அந்தக் கடை இருக்காது: சிங்கப்பூர்க் கணினிக் கண்காட்சியில் பொருள் வாங்குவது எப்படி

சன்டெக், சிங்கப்பூர் எக்ஸ்போ போன்ற பெரிய மண்டபங்களில் நடக்கும் கணினிக் கண்காட்சி வழக்கமாக வியாழக்கிழமை தொடங்கி ஞாயிறு இரவோடு முடிந்துவிடும். திங்கட்கிழமை காலையில் நீங்கள் வாங்கிய லேப்டாப் உயிர் பெறவில்லை என்றால், அதை விற்ற மேசை அங்கே இருக்காது. விற்றவர் இருக்கமாட்டார். தரைவிரிப்பைக்கூடச் சுருட்டி லாரியில் ஏற்றியிருப்பார்கள். நான் இங்கே சொல்லப்போவது எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகிறது. நிரந்தரக் கடையில் வாங்கினால் "நாளைக்கு வந்து கேட்டுக்கலாம்" என்று விடலாம். கண்காட்சியில் நாளைக்கு என்று எதையும் தள்ளிவைக்க முடியாது. கேட்க வேண்டியதைக் காசு கொடுப்பதற்கு முன்னால் கேட்டு, எழுதி வாங்க வேண்டியதை அங்கேயே எழுதி வாங்கிவிட வேண்டும்.

பாலிடெக்னிக்கில் படித்தபோது விடுமுறைகளில் இந்தக் கண்காட்சிகளில் விற்பனையாளராக நின்றவன் நான். இப்போது ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அதனால் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதும் தெரியும், வாங்கிப்போன பொருள் இரண்டு வருடம் கழித்து என்ன ஆகிறது என்பதும் தெரியும்.

அந்தப் பக்கத்து நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். கலர் சட்டை போட்டுக்கொண்டு உங்களை வழிமறித்துப் பேசும் பையனோ பெண்ணோ பெரும்பாலும் நான்கு நாள் வேலைக்கு வந்தவர்கள். காலையில் ஒரு தாள் கொடுப்பார்கள். எந்த மாடல் என்ன விலை, எதை முதலில் காட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். நாள் சம்பளம் போக, விற்கும் பொருளுக்குத் தனியாகக் கமிஷன். எல்லாப் பொருளுக்கும் ஒரே கமிஷன் கிடையாது. நான் நின்ற மேசைகளில் கிடங்கில் தேங்கிப்போன மாடலுக்குத்தான் அதிகம். அவர்கள் உங்களை ஏமாற்ற நினைப்பதில்லை. தாளில் இல்லாததைக் கேட்டால் அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். தெரியாது என்று சொல்வதற்குப் பதில் "இருக்கு, அங்கிள், எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். அந்த "இருக்கு"வை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள்.

வீட்டிலேயே முடிக்க வேண்டியது

மார்ச்சில் ஐடி ஷோ, ஜூனில் பிசி ஷோ, செப்டம்பரை ஒட்டி காமெக்ஸ், நவம்பரில் சிட்டெக்ஸ் என்று ஆண்டுக்கு நான்கு கண்காட்சிகள் கூட்டம் கூட்டமாக நடந்த காலம் உண்டு. 2020இல் கோவிட் வந்த பிறகு அந்தப் பழைய ஒழுங்கு குலைந்துவிட்டது. அதனால் தேதியையும் இடத்தையும் சரிபார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய பெரிய வேலை, மாடல் எண்ணை முழுதாக எழுதிக்கொள்வது. லேப்டாப்பின் பெயர் வேறு, மாடல் எண் வேறு. ஒரே பெயரில், ஒரே நிறத்தில், ஒரே மூடியோடு ஐந்தாறு வகை வரும். பெயருக்குப் பின்னால் வரும் எழுத்தும் எண்ணும் கலந்த அந்த நீளமான வரிசையில்தான் திரை எது, ரேம் எவ்வளவு, பேட்டரி எவ்வளவு என்பதெல்லாம் அடங்கியிருக்கிறது. துண்டறிக்கையில் பெயரைப் பெரிதாகப் போட்டு இந்த எண்ணைப் பொடி எழுத்தில் கீழே போட்டிருப்பார்கள். சில நேரம் போடவே மாட்டார்கள்.

அந்த முழு எண்ணை வைத்து லசாடா, ஷாப்பி ஆகிய இணையச் சந்தைகளில் அந்த நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கடையில் என்ன விலை என்று பாருங்கள். துண்டறிக்கையில் "வழக்கமான விலை" என்று அடித்துக் காட்டியிருக்கும் தொகையை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த விலைக்கு அந்தப் பொருளை யாரும் வாங்கியிருக்கமாட்டார்கள். செப்டம்பர் 9, நவம்பர் 11 தேதிகளில் நடக்கும் 9.9, 11.11 இணையத் தள்ளுபடி விற்பனைகள் வந்த பிறகு கண்காட்சி விலைதான் ஆண்டிலேயே குறைந்த விலை என்பது பல பொருள்களுக்கு உண்மையில்லை. திரை, விசைப்பலகை, எடை ஆகியவற்றைக் கையால் தொட்டுப் பார்த்து வாங்கலாம் என்பதுதான் இன்று கண்காட்சிக்குப் போவதற்கு நல்ல காரணம். அந்தக் காரணத்துக்காகவே போகலாம், தப்பில்லை.

விலை பற்றி இன்னொன்று. ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்த கடை எதுவானாலும், மக்களுக்குக் காட்டும் விலையில் வரியையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். 2024 ஜனவரி முதல் வரி 9 விழுக்காடு. 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று எழுதிவிட்டுப் பணம் கட்டும் இடத்தில் "பிளஸ் ஜிஎஸ்டி" என்றால் 135 வெள்ளி கூடும். அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

டிஸ்ப்ளே லேப்டாப்பில் பார்க்க வேண்டியவை

போன முறை நண்பர் ஒருவருடன் போயிருந்தேன். புதுக்கோட்டைக்காரர், துவாஸில் வேலை. கல்லூரியில் சேரும் தங்கை மகளுக்கு லேப்டாப் வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு மேசையில் "ரைசன் 5, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி" என்று எழுதி, நல்ல விலையும் போட்டிருந்தது. அவர் பணப்பையை எடுத்துவிட்டார்.

"தம்பி, ரைசன் 7000 சீரிஸ்ங்கிறாரு. புதுசுதானே?"

"ஒரு நிமிஷம் இருங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, ஓடிக்கொண்டிருந்த விளம்பரப் படத்தை நிறுத்தச் சொன்னேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் பக்கத்துக்குப் போனால் கணினியின் மூளையான பிராசஸரின் முழுப்பெயர் மேலேயே தெரியும். ரைசன் 5 7520யு என்று இருந்தது.

ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டியின் 7000 வரிசை லேப்டாப் சிப்புகளில் முதல் எண் அது வெளிவந்த ஆண்டைக் குறிக்கிறது. உள்ளே இருக்கும் வடிவமைப்பு எந்தத் தலைமுறை என்பதை மூன்றாவது எண்தான் சொல்லும். 7520யு-வில் மூன்றாவது எண் 2, அதாவது ஜென் 2. 2019இல் வந்த வடிவமைப்பு அது. வேலையைப் பகிர்ந்து செய்யும் கோர்கள் நான்குதான். இரண்டு மேசை தள்ளி, கொஞ்சமே விலை கூடுதலாக 7530யு இருந்தது. ஒரே ஓர் எண்தான் வித்தியாசம், ஆனால் அது ஜென் 3, ஆறு கோர். அட்டையில் இரண்டுக்கும் "ரைசன் 5" என்றுதான் எழுதியிருந்தார்கள்.

இன்டெலிலும் இதே கவனம் வேண்டும். "கோர் 5" என்பதும் "கோர் அல்ட்ரா 5" என்பதும் ஒன்றல்ல. கோர் 5 120யு என்பது முந்தைய 13ஆம் தலைமுறைச் சிப்பின் வழித்தோன்றல். கோர் அல்ட்ரா 5 125யு வேறு வடிவமைப்பு. கடைசி எழுத்தையும் பாருங்கள். யு என்றால் மின்சாரம் மிச்சப்படுத்தும் வகை, எச் என்றால் வேகத்துக்கான வகை. "ஐ-செவன் அங்கிள், டாப் மாடல்" என்று சொல்பவரிடம் முழு எண்ணைக் கேட்டால் பேச்சு கொஞ்சம் நிதானத்துக்கு வந்துவிடும்.

டாஸ்க் மேனேஜரை மூடிவிடாதீர்கள். அதே பக்கத்தில் மெமரி என்பதைத் தொட்டால் வலது கீழ்மூலையில் எத்தனை ஸ்லாட்டில் எத்தனை பயன்பாட்டில் இருக்கிறது என்று காட்டும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியில் "ரோ ஆஃப் சிப்ஸ்" என்று இருந்தால் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள் என்று பொருள். பிறகு கூட்டமுடியாது. எட்டு ஜிபி வாங்கினால் அந்த இயந்திரம் வாழ்நாள் முழுதும் எட்டு ஜிபிதான். "சோடிம்" என்று இருந்தால் கழற்றி மாற்றும் வகை. கண்காட்சியில் வாங்கி என்னிடம் வந்து, "ஸ்லோவா இருக்கு, ரேம் போட்டுத் தாங்க" என்று கேட்பவர்களில் பலருடையது பற்றவைத்த எட்டு ஜிபிதான். என்னால் ஒன்றும் செய்ய முடியாமல் திருப்பி அனுப்பும்போது மனசு கஷ்டப்படும். படிக்கிற பிள்ளைக்கு வாங்குபவர்கள் இதை மட்டுமாவது பார்த்துவிட்டு வாங்குங்கள்.

விளையாட்டுக்கான லேப்டாப் என்றால் கிராபிக்ஸ் சிப்பின் பெயர் மட்டும் போதாது. ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் சிப்பை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் தயாரிப்பாளர் அமைத்துக்கொள்ளலாம் என்று என்விடியாவே அனுமதிக்கிறது. மெல்லிய லேப்டாப்பில் அடங்கி ஓடும் 4060க்கும் கனமான லேப்டாப்பில் ஓடும் 4060க்கும் வேகத்தில் நிறைய வித்தியாசம். என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்தால் அதிகபட்ச வாட் எவ்வளவு என்று எழுதியிருக்கும்.

திரைக்குக் கருவி எதுவும் வேண்டாம். கடைக்காரர் ஓடவிட்டிருக்கும் பளபளப்பான கடல், பூ, கிளிப் படங்களை நிறுத்திவிட்டு, உங்கள் கைப்பேசியில் இருக்கும் வீட்டுப் படம் ஒன்றை அதில் திறந்து பாருங்கள். முகத்தின் நிறம் வெளிறித் தெரிந்தால் அது மலிவுத் திரை. திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதற்கு விவரக்குறிப்பில் "45% என்டிஎஸ்சி" என்று இருந்தால் அதுதான் காரணம். மண்டபத்து வெளிச்சத்தில் எல்லாத் திரையும் ஒரே மாதிரி தெரியும் என்பதால், கையால் மறைத்து நிழலில் பார்ப்பது நல்லது.

யுஎஸ்பி-சி துளை இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கு" என்பார்கள். அதன் வழியாகச் சார்ஜ் ஏறுமா, மானிட்டருக்குப் படம் போகுமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். மலிவு மாடல்கள் சிலவற்றில் அது வெறும் தரவுத் துளை.

ஆஃபிஸ் இருக்கிறது என்றால் ஓராண்டுச் சந்தாவா, ஒருமுறை வாங்கி நிரந்தரமாக வைத்துக்கொள்வதா என்று கேளுங்கள். சந்தாவாக இருந்தால் அடுத்த ஆண்டு மறுபடி காசு கட்ட வேண்டியிருக்கும்.

"ஃப்ரீ" என்று சொல்வது

ஒரு பை, மவுஸ், ஹெட்போன், தம்ப் டிரைவ், "எல்லாம் சேர்ந்து 300 வெள்ளி மதிப்பு". இந்த 300ஐக் கணக்கில் சேர்க்காதீர்கள். "இலவசம் எதுவும் வேண்டாம், விலையில் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேளுங்கள். ஞாயிறு மாலையில் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் வரும். மிஞ்சியதைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போவது அவர்களுக்கும் செலவு. ஆனால் ஞாயிறு மாலை மேசைமேல் நான்கு நாள் ஓடிய காட்சிப் பொருளையே பெட்டியில் போட்டுக் கொடுப்பதும் நடக்கும். "டிஸ்ப்ளே செட்டா?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். டிஸ்ப்ளே செட் என்று சொல்லிக் குறைத்துக் கொடுத்தால், ரசீதில் அப்படியே எழுதச் சொல்லி வாங்கலாம். சொல்லாமல் கொடுப்பதுதான் தவறு.

தொலைத்தொடர்பு நிறுவனங்களின் மேசைகளில் இது இன்னும் பெரிய அளவில் நடக்கும். பிராட்பேண்ட் எடுத்தால் டிவி இலவசம், டேப்லட் இலவசம். 24 மாத ஒப்பந்தம். எதுவும் இல்லாத சாதா பிளான் மாதம் 30 வெள்ளி, "இலவச" டேப்லட்டோடு வரும் பிளான் 49 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 19. இருபத்துநான்கு மாதத்துக்கு 456 வெள்ளி. அந்த டேப்லட் வெளியில் 300 வெள்ளிக்குக் கிடைத்தால்? இந்தப் பெருக்கலைக் கைப்பேசியில் போட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. இடையில் நிறுத்தினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதையும் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள்.

வாங்கிய ஐந்து நாளுக்குள் ரத்து செய்யலாம் என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தச் சலுகைக்காலம் வீட்டு வாசலுக்கு அழைக்காமல் வந்து விற்பவர்களுக்கும் டைம்ஷேர் (விடுமுறை விடுதியைப் பலர் பங்குபோட்டு வாங்குவது) போன்றவற்றுக்கும்தான். நீங்களாகவே நடந்துபோய்க் கண்காட்சியில் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்துக்கு அது கிடையாது.

10 ஜிபிபிஎஸ் பிராட்பேண்டை இப்போது எல்லோரும் கூவி விற்கிறார்கள். உங்கள் லேப்டாப்பின் நெட்வொர்க் துளை 1 ஜிபிபிஎஸ் என்றால் அதற்கு மேல் ஒரு துளிகூடக் கிடைக்காது. ரூட்டர் பெட்டியில் இருக்கும் எண்ணும் அப்படித்தான். ஏஎக்ஸ்3000 என்பது 574, 2402 என்ற இரண்டு அலைவரிசை வேகங்களைக் கூட்டி உருட்டிய எண். ஒரு கைப்பேசி ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையில்தான் இணையும். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் பாம் ஷெல்டர் என்ற பாதுகாப்பு அறையின் கனத்த சுவர் சிக்னலைத் தின்றுவிடும். அதற்கு ஒரே பெரிய ரூட்டரைவிட, இடம் பார்த்து வைத்த, ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்யும் இரண்டு சாதாரண மெஷ் ரூட்டர்கள் மேல்.

பிரின்டர் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பிரின்டரின் விலையைப் பார்க்காமல், மைக் குப்பியின் விலையையும் ஒரு குப்பிக்கு எத்தனை பக்கம் என்பதையும் பாருங்கள்.

அதிர்ஷ்டக் குலுக்கல் தாளில் அடையாள அட்டை எண்ணைக் கேட்டால் எழுதாதீர்கள். 2019 செப்டம்பர் முதல் இதுபோன்ற காரியங்களுக்கு நிறுவனங்கள் அந்த எண்ணைக் கேட்கக்கூடாது. தொலைபேசி ஒப்பந்தம் போடும்போது கேட்பது வேறு, அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.

ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, தம்ப் டிரைவ்

குவியலாகக் கொட்டி விற்கும் சிறு பொருள்களில்தான் அதிக ஏமாற்றம். பெயர் தெரியாத நிறுவனத்தின் 2 டிபி (டெராபைட், அதாவது 2,000 ஜிபி) தம்ப் டிரைவ் இருபது வெள்ளிக்குக் கிடைத்தால் அதில் 2 டிபி இருக்காது. உள்ளே 32 ஜிபியோ 64 ஜிபியோ வைத்து, கணினிக்கு 2 டிபி என்று பொய் சொல்லும்படி நிரலை மாற்றியிருப்பார்கள். செருகினால் 2 டிபி என்றுதான் காட்டும். படங்களை ஏற்றினால் ஏறியது மாதிரியும் இருக்கும். கொள்ளளவு தாண்டிய பிறகு எழுதியதெல்லாம் பழையதன் மேல் விழுந்து கெட்டுப்போகும். திருமணப் படங்களைத் தொலைத்த ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும், அதைத் திரும்ப எடுக்கவே முடியவில்லை. விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யு, மேக்கிலும் லினக்ஸிலும் எஃப்3 என்ற இலவச நிரல்கள் இருக்கின்றன. டிரைவ் முழுவதையும் எழுதி, திரும்பப் படித்து, உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். பல மணி நேரம் ஆகும். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம்.

1 டிபி டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டுவது மோசடி இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024ஆக எண்ணுகிறது. இதற்காகக் கடைக்காரருடன் மல்லுக்கட்ட வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் வாங்கினால் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற நிரலைப் போட்டுப் பாருங்கள். எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று சொல்லும். புதிய டிஸ்க்கில் சுழியமோ ஒன்றிரண்டோ இருக்க வேண்டும். அந்த எண்ணையும் அழிக்க முடியும் என்பது 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வெளிப்பட்டது. புதியவை என்று விற்ற சீகேட் எக்ஸோஸ் டிஸ்க்குகள் பலவும் ஏற்கெனவே பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை. எண்ணைச் சுழியமாக்கி விற்பனைக்கு விட்டிருந்தார்கள். ஃபார்ம் என்று சீகேட் தனியாக வைத்திருக்கும் இன்னொரு பதிவில் உண்மையான மணி நேரம் அப்படியே இருந்ததால்தான் அது பிடிபட்டது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச நிரலின் 7.4 பதிப்பு முதல் அந்தப் பதிவைப் படிக்கலாம். நாஸ் பெட்டிக்கு (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) வாங்குபவர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய லேப்டாப்பைச் சீர்செய்து விற்கும் மேசைகளில் 2025க்குப் பிறகு ஒரு கேள்வி கட்டாயம்: விண்டோஸ் 11 முறைப்படி ஓடுமா? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது. இன்டெலில் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிப்புகளில் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட ஆறாம், ஏழாம் தலைமுறை ஐ5, ஐ7 லேப்டாப்புகள் பார்க்கப் புதுக் கருக்கோடு இருக்கும். விலையும் ஆசை காட்டும். குறுக்கு வழியில் விண்டோஸ் 11ஐ ஏற்றிக் கொடுப்பார்கள். அது நாளைக்கு அப்டேட் வாங்குமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள்.

ரசீது

இதுதான் இந்தக் கட்டுரையின் முக்கியமான இடம். மேசைக்கு மேல் பிரபல நிறுவனத்தின் பெயர்ப்பலகை இருக்கும், சட்டையிலும் அதே பெயர். ஆனால் விற்பவர் அந்த நிறுவனமாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் ஒரு மறுவிற்பனையாளர். ரசீதில் அச்சாகியிருக்கும் பெயர்தான் சட்டத்தின் கண்ணில் உங்களுக்குப் பொருள் விற்றவர். அந்தப் பெயரும் யுஇஎன் என்ற பதிவெண்ணும் ரசீதில் இருக்க வேண்டும். அதை, நிறுவனங்களைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான அக்ராவின் பிஸ்ஃபைல் தளத்தில் தேடினால் நிறுவனம் உயிரோடு இருக்கிறதா என்று உடனே தெரியும். அங்கேயே, வரிசையில் நிற்கும்போதே தேடலாம்.

அடுத்து, நிரந்தரக் கடை எங்கே என்று கேளுங்கள். சிம் லிம் சதுக்கத்திலோ வேறு எங்கோ ஒரு மாடி எண்ணும் கடை எண்ணும் சொல்ல முடியாதவரிடம் ஆயிரம் வெள்ளிப் பொருளை வாங்கவே வேண்டாம்.

ரசீதில் முழு மாடல் எண், தொடர் எண், விலை, சேர்த்துக் கொடுப்பதாகச் சொன்ன பொருள்கள், பழுதானால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள், எங்கே கொண்டுவர வேண்டும் என்பதெல்லாம் இருக்க வேண்டும். அச்சில் இல்லாவிட்டால் பேனாவால் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பையன் தயங்கினால் மேற்பார்வையாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள். பின்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து நீங்கள் கூச்சப்படத் தேவையில்லை. வாயால் சொன்ன வாக்கு நிறைவேறாமல் போகும் இடம் இதுதான்.

தொடர் எண்ணைப் பெட்டியிலும் பொருளின் அடியிலும் ரசீதிலும் ஒத்துப் பாருங்கள். பிறகு அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் வாரண்டிப் பக்கத்தில் போடுங்கள். எந்த நாட்டுக்கான பொருள், வாரண்டி எந்தத் தேதியில் தொடங்கியது என்று வரும். நாடு வேறாக இருந்தால் அது பேரலல் இம்போர்ட். இங்கே இருக்கும் சர்வீஸ் மையம் தொடாமல் போகலாம். சார்ஜரின் பிளக் மூன்று பட்டை முள்ளாக இல்லாமல் மாற்றுப் பிளக்கோடு கொடுத்தால் அதுவும் ஓர் அறிகுறி. இங்கே விற்கும் அடாப்டரில் பாதுகாப்பு முத்திரை இருக்க வேண்டும். வாரண்டி தொடங்கிய தேதி மூன்று மாதத்துக்கு முன் என்று காட்டினால் பதற வேண்டாம், கிடங்குக்கு அனுப்பிய தேதியைக் காட்டுவது உண்டு. ரசீதை அனுப்பி வாங்கிய தேதிக்கு மாற்றச் சொன்னால் பல நிறுவனங்கள் மாற்றிக் கொடுக்கும். ஆனால் அந்த ரசீதில் தொடர் எண் இருக்க வேண்டும்.

சரக்கு தீர்ந்துவிட்டது, முன்பணம் கட்டுங்கள், அடுத்த வாரம் வரும் என்றால், எந்தத் தேதிக்குள், எந்தக் கடையில், வராவிட்டால் முழுப்பணமும் திரும்பும் என்று எழுதி வாங்கிய பிறகே கட்டுங்கள். எழுதித் தரமாட்டார்கள் என்றால் அந்தப் பொருளை விட்டுவிடுங்கள்.

அன்றிரவே

வீட்டுக்கு வந்ததும் பெட்டியைப் பிரிப்பதை வீடியோ எடுங்கள். பெட்டியையோ தெர்மக்கோலையோ வீசிவிடாதீர்கள், மாற்றித் தர அதைக் கேட்பார்கள். விண்டோஸில் உங்கள் கணக்கை நுழைப்பதற்கு முன்பே விசைப்பலகை, கேமரா, ஒலிபெருக்கி, எல்லாத் துளைகளும் வேலை செய்கின்றனவா, திரையில் அணைந்த புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். திரையை முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றிப் பார்த்தால் புள்ளி தெரிந்துவிடும். சனிக்கிழமை வாங்கியிருந்தால் இன்னும் ஒரு நாள் அந்த மேசை அங்கேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு நேராகப் போகலாம், அங்கே கையில் மாற்றுப் பொருளும் இருக்கும். நான் எல்லோரையும் சனிக்கிழமைக்குள் வாங்கச் சொல்வது இதனால்தான். ஞாயிறு மாலையில் மிச்சமாகும் ஐம்பது வெள்ளியைவிட இந்த ஒரு நாள் பெரிது.

ஊருக்குக் கொண்டுபோவதற்கு வாங்கினால்

இந்தியாவில் சர்வீஸ் கிடைக்குமா என்பதை மாடல் எண்ணை வைத்துத் தயாரிப்பாளரிடமே கேளுங்கள், மேசையில் நிற்பவரிடம் வேண்டாம். சிங்கப்பூருக்கு மட்டுமான வாரண்டி என்றால் புதுக்கோட்டையில் அது வெறும் காகிதம். அடாப்டரில் 100-240 வோல்ட் என்று இருந்தால் மின்சாரத்தில் பிரச்சினை இல்லை, பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். பதினெட்டு வயது நிரம்பியவர் ஒரு லேப்டாப்பை இந்தியாவுக்குள் தீர்வையில்லாமல் கொண்டுபோகலாம். இரண்டாவது லேப்டாப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. விமான நிலையத்தில் ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறும் திட்டம் சுற்றுப்பயணிகளுக்கானது. இங்கே வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்குக் கிடையாது. "ஏர்போர்ட்ல ஒன்பது பர்சென்ட் திரும்பக் கிடைக்கும்" என்று சொல்லி விற்றால் நம்ப வேண்டாம்.

பழுது வந்துவிட்டால்

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற அட்டையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் திரும்பிவிடாதீர்கள். 2012 செப்டம்பர் 1 முதல் இங்கே லெமன் சட்டம் இருக்கிறது. வாங்கிய ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், அது விற்கும்போதே இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்றால் விற்றவர் நிரூபிக்க வேண்டும். பழுது பார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம். நியாயமான காலத்துக்குள் அது நடக்காவிட்டால் விலையைக் குறைக்கவோ பணத்தைத் திருப்பித் தரவோ கேட்கலாம். பழைய பொருளுக்கும் இது பொருந்தும், அதன் வயதையும் விலையையும் வைத்துப் பார்ப்பார்கள். சொல்லி விற்ற குறைக்குப் பொருந்தாது. முக்கியமாக, இதற்குப் பொறுப்பு விற்றவர். "நேரா சர்வீஸ் சென்டருக்குப் போங்க" என்று அவர் கைகழுவ முடியாது.

முதலில் விற்றவருக்கு எழுத்தில் அனுப்புங்கள், வாட்ஸ்அப்பாக இருந்தாலும் சரி. பதில் இல்லை என்றால் பயனீட்டாளர் சங்கமான கேஸை நாடலாம். அதுவும் பலிக்காவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளி வரை, இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை அங்கே கோரலாம். இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைக்கவும் முடியாது. ஆன்லைனிலேயே பதியலாம். பதியும்போது விற்றவரின் யுஇஎன்னைக் கேட்பார்கள். ரசீது, பெட்டி பிரித்த வீடியோ, அனுப்பிய செய்திகள் ஆகியவற்றைச் சேர்த்துப் பதியுங்கள். ரசீதை வாங்கிய அன்றே படம் எடுத்து வையுங்கள். அந்த வெப்பத்தாளில் உள்ள எழுத்து நாளாக நாளாக மங்கிவிடலாம்.